இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துப் புகை

என் நாவலில் டிராகன் இல்லை.
அட்டையில் இருந்தது.
பதினெட்டு டாலருக்கு வாங்கிய படம்:
பச்சைச் செதில், வாய் கொள்ளாத நெருப்பு,
காலடியில் ஒரு பெண்,
டுலூத் நகரத்து ஜனவரியில் நின்றால்
நாலே நிமிடத்தில் விறைத்துப்போகிற உடுப்பில்.

என் வெல்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது.
முழங்கால் வலி. வாள் கிடையாது.
உப்பில்லாத கடல் ஒன்றின் கரையில்
புறப்படும் படகுகளின் பெயர்களை வாங்கிவைத்து
திரும்பி வந்தால் கொடுப்பவள்.
அவளை எழுத எனக்கு ஆறு வருடம் ஆயிற்று,
தூக்குப்பாலத்தின் கூண்டறையில்,
ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் நடுவே.

விற்றது நாற்பத்தொரு பிரதி.
அதில் ஒன்பது என் தங்கை வாங்கியது.
ஒன்று தபாலில் திரும்பி வந்தது,
உள்ளே ஒரு சீட்டு:
"கடைசி வரி வரைக்கும் காத்திருந்தேன். வரவேயில்லை."

டூலா ரென்க்விஸ்ட்
புகையூட்டிய மீன் பொட்டலங்களுக்கு லேபிள் வரைகிறவள்.
மாயக்கதையெல்லாம் தொடமாட்டேன் என்றாள்.
தொட்டாள், கையில் பென்சிலோடு.
"தங்க எழுத்து வேண்டாம்.
ஆர்வோ கெஸ்டி என்கிற பெயர் ஏன்
எறும்பு மாதிரி மூலையில் ஊர்கிறது,
ஊரெல்லாம் கடன் வாங்கியிருக்கிறாயா?"
கோட்டை வேண்டும் என்றேன்.
"கோட்டை எந்தப் பக்கத்தில் வருகிறது?"
முன்னால் உள்ள வரைபடத்தில்.
"அங்கேயே இருக்கட்டும்."

நீலத்துக்காக மட்டும் இரண்டு வாரச் சண்டை.
ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார் என்றாள்.
ஏரி வெள்ளையாக உறைந்து கிடந்தது.
இருவருமே ஜெயிக்கவில்லை.

பதினோராவது மாதிரியில் வந்து நின்றது:
இருண்ட தண்ணீர், ஒற்றை விளக்கு,
விளக்கைப் பிடித்திருக்கும் கை தெரியவில்லை,
பிடித்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.
நான் எழுதியதைவிட நன்றாயிருந்தது.
கொஞ்சம் பொறாமைகூட.

மார்ச் கடைசியில் பனி உடைந்தது.
கால்வாய் ஓரத்துக் காப்பிக்கடையில்
ஒருவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.
லெஸ்டர் ப்ரூசார், தாதுக்கப்பல் சமையல்காரர்.
கையில் என் பழைய புத்தகம்,
டிராகன் மேல் வெண்ணெய்க் கறை,
அடையாளத்துக்கு ஒரு வெங்காயத்தோல்.
"இது எப்போது மலையிறங்கும்?"

மன்னிக்கவும், அது பிழை, வெறும் பதினெட்டு டாலர் என்றேன்.
அவர் கேட்டுக்கொள்ளவில்லை. புரட்டினார்.
"இருநூற்றுப் பன்னிரண்டு.
மலைக்கு அப்பால் புகை எழுந்தது.
வெல்கா பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை."
நான் எழுதியதுதான்.
ஏதோ ஒரு நவம்பர் இரவு,
ஏதோ ஒரு கப்பலின் புகைபோக்கியைப் பார்த்து.
"இருநூற்று அறுபது.
தினமும் ராத்திரி வாசலில் ஒரு மீன் வைக்கிறாள்.
காலையில் தட்டு காலி."
பூனை என்றேன்.
"புத்தகத்தில் பூனையும் இல்லை" என்றார்.
"நான் சமைக்கிறவன், ஐயா.
தட்டு காலியானால்
யாரோ பசியோடு வந்திருக்கிறார்கள்."

டூலாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.
முடிந்துபோன அட்டையைத் திறந்து
முதுகுப் பக்கம், எழுத்துக்கு மேலே,
மயிரிழை அளவு சாம்பல் கோடு ஒன்று இழுத்தாள்.
அலமாரியில் செருகிவைத்தால் மட்டுமே தெரியும்.
பில்லில் கடைசி வரி: புகை, இலவசம்.

பழைய அட்டையில் ஐம்பத்தொன்பது பிரதிகள்
என் கட்டிலுக்கு அடியில்.
எரிக்கலாம் என்றிருந்தேன். இனி மாட்டேன்.

இன்றிரவு மூடுபனி.
இரண்டாம் பாகத்தின் முதல் பக்கம்
விளக்கடியில் வெறுமையாய்க் கிடக்கிறது.
எங்கோ ஒரு ஊதல்,
நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு.
வருவது எது என்று கண்ணுக்குத் தெரியாது.
இந்த வேலையில் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது,
முதலில் பாலத்தைத் தூக்கிவிட வேண்டும்.